ஆமை சூப்புக்கு ஒரு சாட்சி

கழுவுதொட்டிக்குள் கன்றுக்குட்டியின் தலை ஒன்று கிடந்தது. தோல் உரிக்காத முழுத்தலை. மயிரை மட்டும் மழித்திருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன, நாக்கு ஒரு பக்கமாக வெளியே தொங்கியது. நிலம் துடைக்க வந்த நான் "மாதாவே!" என்று போட்ட சத்தத்தில் கையிலிருந்த வாளி கவிழ்ந்து, தண்ணீர் சமையலறை முழுவதும் ஓடியது.

அடுப்படியில் நின்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஐவரும் வெள்ளைக்காரர். பெண்கள் நால்வரும் கணுக்கால் வரை பாவாடையும் வெள்ளைத் துணித் தொப்பியும் போட்டிருந்தார்கள். இருந்த ஒரே ஆண் முழங்காலோடு நின்றுவிடுகிற காற்சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு என்ன தகுதி இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இது நடந்தது 2006ஆம் ஆண்டு ஒக்டோபரில். பிளாக்ஹீத்தில் இருநூறு வருஷத்துக்கு முந்திய வியாபாரி ஒருவரின் மாளிகை இருக்கிறது. இப்போது அது ஒரு அறக்கட்டளையின் கையில். சனங்கள் டிக்கற் வாங்கிப் பார்க்க வருவார்கள். நாங்கள் குடியிருக்கிற லூயிஷாமிலிருந்து பஸ் பிடித்துப் போய் நான் நான்கு வருஷமாக அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து பேரும் சம்பளமில்லாமல் சேவைக்கு வருகிறவர்கள். அந்தக் காலத்து அரசருக்குப் பைத்தியம் பிடித்து, அவருக்குப் பதிலாக மகன் ஆண்ட ஒன்பது வருஷத்தை இவர்கள் றீஜன்சி காலம் என்பார்கள். அந்த ஒன்பது வருஷத்துச் சாப்பாட்டைப் பழைய சமையல் புத்தகங்களைப் பார்த்து, நிலவறையில் இருக்கிற இரும்பு அடுப்பில் சமைத்து, வந்த சனத்தோடு பகிர்ந்து சாப்பிடுவதுதான் இவர்களுடைய வேலை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை இது நடக்கும். சாப்பிட்டு முடிந்த பிறகு துடைக்கிறது நான்.

குழுவின் தலைவி மிஸிஸ் ஹார்கோட். சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நல்ல மனுஷிதான், அதை மறைக்கக் கூடாது. என் பெயர் றோஸ்மலர் என்பதை முழுதாகச் சொல்லப் பாடுபட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் றோஸ் என்று நிறுத்திக்கொண்டார். அன்றைக்குச் சமையல் முடிந்ததும் கோப்பையில் சூப் ஊற்றி எனக்கும் தந்தார். அவர் பேசுவது ஆங்கிலம். எனக்குள் அது தமிழாகத்தான் விழும், தமிழாகவே சொல்கிறேன்.

"குடித்துப் பார், றோஸ். அந்தக் காலத்துப் பணக்காரர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் உயிரோடு கடலாமை கொண்டுவந்து சூப் வைத்தார்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் கன்றின் தலையை வைத்து அதே ருசி வரச் செய்தார்கள். இது அந்தப் போலி ஆமை சூப். அசலுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாதாம்."

நான் ஒரு வாய் குடித்தேன். மடெய்ரா வைன், சாதிபத்திரி, எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. ருசி மோசமில்லை. அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"நல்லா இருக்கு. ஆனா ஆமை இப்பிடி இராது."

ஐந்து கரண்டிகளும் அந்தரத்தில் நின்றன.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மிஸிஸ் ஹார்கோட்.

"நான் மன்னார். அப்பா மீன்பிடிக்கிறவர். சின்ன வயசிலை வருசத்துக்கு ரண்டு தரமெண்டாலும் பேராமை வரும். நாங்கள் அதைத் திண்டு வளந்தனாங்கள்."

மிஸிஸ் ஹார்கோட் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்துபோயிருந்தது. பதினைந்து வருஷமாக இந்தச் சூப்பை வைக்கிறார்களாம். அசலை ருசித்த ஒரு சீவனையும் அவர் இதுவரை சந்தித்ததில்லையாம். நான்கு வருஷமாக ஒரே கட்டடத்துக்குள் அவருக்குப் பக்கத்திலேயே நிலம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் நான்.

அன்றிலிருந்து, சூப்பைத் திருத்துவதற்கென்றே ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடினார்கள். துடைப்பம் ஒரு மூலையில் கிடந்தது. நான் அடுப்படியில் நின்றேன். கன்றின் தோலை அவர்கள் கூழாகும் வரை அவித்துக்கொண்டிருந்தார்கள். ஆமை அப்படிக் குழையாது, பல்லில் ஒட்டி ஒட்டி விடும். முன்னதாகவே இறக்கி ஆறவிட்டுச் சதுரமாக வெட்டிப் பிறகு போடச் சொன்னேன். கடல் வாசம் கொஞ்சமும் இல்லாமல் அது என்ன ஆமை? லூயிஷாம் சந்தையில் திருக்கைச் செட்டை வாங்கி வந்து தனியாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கலந்தேன். கொழுப்பைத் தனியாக உருக்கிக் கடைசியில் மேலே விட்டேன். நான்காவது தடவை ஊற்றிக் குடித்தபோது எனக்கே திடுக்கென்றது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு, கன்றின் தலைக்குள்ளிருந்து ஆமை வந்துவிட்டது.

"நவம்பர் கடைசியில் பெரிய விருந்து இருக்கிறது. அறக்கட்டளைக்காரர் எல்லாரும் வருவார்கள்," என்றார் மிஸிஸ் ஹார்கோட். "எங்களுடைய குழுவில் ஆறு பேர் இருக்கவேண்டும். போன வருஷத்திலிருந்து ஒரு இடம் வெறுமையாகக் கிடக்கிறது. விருந்து முடிந்ததும் உன்னை ஆறாவது ஆளாக எடுக்கச் சொல்லி அவர்களிடம் கேட்கப்போகிறேன். உனக்குச் சம்மதமா?"

சம்மதமாவாம்! ஆறாவது ஆளுக்குச் சம்பளம் கிடையாது. எனக்கு அது தேவையுமில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷத்தில், உனக்கு இது தெரியும், வந்து சொல்லித் தா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. இதைத் துடை, அதைத் தூக்கு, இங்கே கையெழுத்து வை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் இங்கே இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

என் வீட்டுக்காரர் செபமாலைமுத்துவிடம் சொன்னேன். அவர் ரயில் ஸ்ரேசனில் டிக்கற் பார்க்கிறவர். யாரிடமும் ஒரு சொல் கூடுதலாகப் பேசமாட்டார்.

"ஆமை திண்டனான் எண்டு வெள்ளைக்காரரிட்டைச் சொன்னனீரோ? உமக்கென்ன விசரே?"

"கேட்டினம், சொன்னனான்."

"கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொல்லவேணுமே? இந்த நாட்டிலை ஆமையெண்டால் தெய்வம் மாதிரி. பிள்ளையளின்ர ஸ்கூலிலை காசு சேத்து அனுப்புறாங்கள் காப்பாத்துறதுக்கு."

"அது இப்ப. நான் திண்டது எழுவதாம் ஆண்டுக்கு முந்தி. அப்ப ஒரு சட்டமும் இல்லை. அவையள் கன்றுக்குட்டியின்ர நாக்கையே வெட்டித் தட்டிலை வைக்கினம், இஞ்சாருங்கோ! அவையளோ என்னைப் பாத்து அருவருக்கப் போயினம்?"

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

விருந்து மத்தியானம். மேல்மாடியில் நீளமான மேசை, நாற்பது பேர். எனக்கும் பாவாடையும் தொப்பியும் தந்திருந்தார்கள். மேசையில் வைத்திருந்ததைப் பார்த்து நான் சிலுவை அடையாளம் போட்டேன். மாட்டு நாக்கை அவித்து, அசலில் எப்படி வாய்க்குள் இருக்குமோ அப்படி வளைத்து நிறுத்தியிருந்தார்கள். கன்றுக்காலை அவித்து எடுத்த ஜெலி தட்டில் தளதளத்தது. புறாவை உள்ளே வைத்து மாவால் மூடிச் சுட்ட, பை என்கிற பணியாரத்தின் நடுவில் ஓட்டை போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமாம், புறாக்களின் கால்கள் நகத்தோடு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. பாதாம் அரைத்துச் செய்த முள்ளம்பன்றி ஒன்றும் இருந்தது. அது மட்டும்தான் பார்க்கிற மாதிரி இருந்தது.

விருந்தாளிகள் ஒவ்வொன்றுக்கும் "ஆகா" என்றார்கள். கழுத்தில் முத்துமாலை போட்ட ஒரு அம்மா, அந்தப் பணியாரத்திலிருந்து ஒரு புறாக்காலைப் பிடுங்கி எடுத்துப் பக்கத்தில் இருந்தவரின் மூக்குக்கு முன்னால் ஆட்டிச் சிரித்தார்.

நான் சூப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நாற்பது கோப்பைக்கும் நானே ஊற்றினேன். முதல் கரண்டி வாய்க்குப் போனதும் எல்லாரும் கோப்பைக்குள் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தலை ஆட்டினார்கள். இரண்டாம் தரம் கேட்டவர்கள் பதினொரு பேர். நான் எண்ணினேன்.

மிஸிஸ் ஹார்கோட் எழுந்து கரண்டியால் கிளாஸைத் தட்டினார். பழைய புத்தகத்தைத் திறந்து அசல் ஆமை சூப்பின் செய்முறையை வாசித்தார். முதல்நாளே ஆமையைப் பின் செட்டையில் கட்டித் தலைகீழாகத் தூக்கு. தலையை வெட்டு. இரவு முழுவதும் இரத்தம் வடியட்டும். இப்படிப் போனது வாசிப்பு. எல்லாரும் புன்னகையோடு கேட்டார்கள். "என்ன அழகான நடை," என்று ஒருவர் சொன்னார்.

"இந்த ருசி சரியானது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, மிஸிஸ் ஹார்கோட் என் பக்கம் கையை நீட்டினார். "இதோ றோஸ். அசலைச் சாப்பிட்டவள். சொல்லு றோஸ், உங்கள் ஊரிலும் இப்படித்தான் செய்வார்களா?"

நாற்பது முகங்களும் என்னைப் பார்த்தன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அறக்கட்டளைக்காரர் எனக்கு நேர் எதிரே இருந்தார்கள். இதுதான் நேரம், தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

"இல்லை மேடம், நாங்கள் கட்டித் தூக்கிறேல்லை. மல்லாத்திப் போடுறது. மல்லாத்தினால் அதாலை திரும்ப ஏலாது. பூவரச மரத்துக்குக் கீழை ரண்டு நாள் உயிரோடை கிடக்கும். இருந்திருந்து மூச்சு விடும், மனிசர் பெருமூச்சு விடுற மாதிரி. கண்ணாலை தண்ணி ஓடும். முதல்லை ஈரல்லை ஒரு துண்டைக் காகத்துக்கு எறியிறது. காகம் திண்டால்தான் நாங்கள் தின்னுவம், ஏனெண்டால் சில ஆமை நஞ்சு. அப்பா வயித்து ஓட்டைச் சுத்தி வெட்டித் திறப்பார். ரத்தம் ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. சட்டி பிடிக்கிறது என்ர வேலை. திறந்த பிறகும் இருதயம் கனநேரம் துடிச்சுக்கொண்டு கிடக்கும்."

 நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகுதான் முகங்களைப் பார்த்தேன்.

முத்துமாலை அம்மா நாப்கினை வாயில் அழுத்தியிருந்தார். அவருடைய தட்டில் புறாக்கால் கிடந்தது. "அது அழிந்துகொண்டிருக்கிற உயிரினம்," என்றார் ஒருவர், என்னிடமல்ல, மேல் கூரையிடம். "குழந்தையைக் கொண்டா சட்டி பிடிக்கவைத்தார்கள்?" என்றார் இன்னொருவர். முத்துமாலை அம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னைத் தொட்டுவிடாமல் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனார். ஊத்தையைக் கண்டால் ஒதுங்குகிறது போல.

 இவர்கள் இப்போதுதானே தலையை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டதைக் கேட்டுப் புன்னகைத்தார்கள்? அதே தலைதானே? அதே இரத்தந்தானே? நான் என்ன புதிதாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவேயில்லை.

மிஸிஸ் ஹார்கோட் என் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். 

"இவ்வளவு விபரமாகச் சொல்வாய் என்று நான் நினைக்கவில்லை, றோஸ்."

"நீங்கள்தானே கேட்டனீங்கள்?"

"அறக்கட்டளைக்காரர் குழம்பிப்போயிருக்கிறார்கள். அந்த ஆறாவது இடத்தைப் பற்றி இன்றைக்குப் பேச முடியாது. இப்போதைக்கு நீ கீழே நின்றால் நல்லது."

கீழே என்றால் கழுவுதொட்டி.   செபமாலைமுத்துவின் தேத்தண்ணிக் கோப்பைதான் கண்ணுக்குள் நின்றது, அவர் சொன்னது சரியாகிவிட்டதே என்பது ஆத்திரத்தைக் கூட்டியது.

படியில் இறங்கப் போனேன். கோட்டுகள் கொழுவியிருக்கிற இடத்தில் விருந்தாளி ஒருவர் கைத்தடியோடு நின்றார். மிஸ்டர் லாங்லி. எண்பது வயதை எட்டியிருப்பார். அறக்கட்டளைக்குப் பெரிய உபகாரி, எல்லாரும் எழுந்து வணங்குகிற ஆள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"1953ஆம் ஆண்டு, நகர வணிகர் சங்கத்து விருந்து ஒன்றில் எனக்கு அசல் ஆமை சூப் தந்தார்கள். வெள்ளிக் கிண்ணத்தில். அதற்குப் பிறகு அந்த ருசியை நான் இன்றைக்குத்தான் கண்டேன். நீ அச்சொட்டாகக் கொண்டுவந்துவிட்டாய். இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது."

 இந்த மனிதரும் சாப்பிட்டிருக்கிறார். அந்த மேசையில், என் முகத்துக்கு நேரே, வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"இதை ஏன் அங்கை சொல்லேல்லை, சேர்?"

"அதற்கு அது நேரமாகத் தோன்றவில்லை."

"இப்ப நேரம். வாங்கோ."

"அம்மா, நான்..."

நான் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தேன். நான்கு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு விருந்தாளியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் உதறவில்லை, வந்தார். இவர் ஒரு சொல் சொன்னால் போதும், நாற்பது பேரும் தாங்கள் செய்தது பிழை என்று உணர்வார்கள், என்னைப் பார்க்கிற பார்வை மாறும் என்று நம்பினேன். ஐம்பது வயதிலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மிஸ்டர் லாங்லி மேசையின் தலைமாட்டில் நின்று தொண்டையைக் கனைத்தார். 1953ஐச் சொன்னார், வெள்ளிக் கிண்ணத்தைச் சொன்னார். "நானும் ஒரு குற்றவாளிதான்," என்று முடித்தார்.

சபை கொல்லென்று சிரித்தது.  முகங்களெல்லாம் ஒரே நொடியில் மலர்ந்துவிட்டன. "எப்படி இருந்தது? சொல்லுங்கள், சொல்லுங்கள்!" என்று ஆளுக்காள் கதிரையைத் திருப்பினார்கள். உயிரினம் அழிகிறது என்று கூரையிடம் சொன்னவர், "கொழுப்பு உண்மையாகவே பச்சை நிறமா?" என்று ஆவலோடு கேட்டார். யாரோ வைன் ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். மிஸிஸ் ஹார்கோட் கொப்பியை விரித்து எழுதத் தொடங்கிவிட்டார். முத்துமாலை அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே வந்து, கதிரைக்குப் போகாமல் மிஸ்டர் லாங்லிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மிஸ்டர் லாங்லி ஒரு தடவை என் பக்கம் கை நீட்டி, "ஆனால் இந்த அம்மாதான்..." என்றார். அடுத்த கேள்வி வந்துவிட்டது. அவர் அதற்குப் பதில் சொல்லத் திரும்பிக்கொண்டார்.

"மிஸ்டர் லாங்லி," என்றார் மிஸிஸ் ஹார்கோட். கண்ணில் நீர் தளும்பியது, அவ்வளவு சந்தோஷம். "எங்களுடைய குழுவில் ஆறாவது இடம் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் ஒன்றும் சமைக்கவேண்டாம். வந்திருந்து ருசி பார்த்தால் போதும்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

 ஒருவராவது என்னைப் பார்த்து வெட்கப்பட்டிருந்தால் நான் பேசாமல் கீழே போயிருப்பேன். ஒருவரும் வெட்கப்படவில்லை. அவர்களுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை, அதுதான் என்னைப் பற்றவைத்தது.

"சேர்!" என்றேன். சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. கைதட்டல் நின்றது. "நீங்கள் குடிச்ச ஆமையை வெட்டினது ஆர்?"

மிஸ்டர் லாங்லி குழம்பிப்போய்ப் பார்த்தார். "தெரியாதே. கீழே யாராவது சமையற்காரர் வெட்டியிருப்பார். நான் பார்க்கவில்லை."

"சட்டி பிடிச்சது ஆர்?"

 சிரிப்பு அவருடைய முகத்திலிருந்து மெல்லப் போனது.

"என்ர ஆமையை வெட்டினது என்ர அப்பா. சூசையப்பு. வெட்டமுந்தி முழங்காலிலை இருந்து ஒரு செபம் சொல்லுவார், தின்ன வேறை ஒண்டும் இல்லை எண்டு ஆண்டவரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் கத்தியை எடுப்பார். சட்டி பிடிச்சது நான். எனக்கு அதின்ர கண் தெரியும். உங்களுக்குக் கிண்ணந்தான் தெரியும். அதாலை நீங்கள் இஞ்சை, நான் கீழை. அப்பிடியோ?"

 மிஸிஸ் ஹார்கோட் எழுதிக்கொண்டிருந்த கை கொப்பியிலேயே நின்றது. 

"றோஸ்," என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக. "புடிங்கைக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன்."

புடிங் வண்டி எனக்குப் பின்னால்தான் நின்றது. நான் அதைத் தொடவில்லை. முத்துமாலை அம்மா எழுந்து போன கதிரை இன்னும் வெறுமையாக இருந்தது, மிஸ்டர் லாங்லிக்குப் பக்கத்துக் கதிரை. அதை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.  சட்டியை என் பக்கம் இழுத்து, ஒரு கோப்பையில் சூப் ஊற்றி, கரண்டியை எடுத்தேன்.

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சூப் ஆறிப்போயிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அடிவரை குடித்தேன்.